கரைவலை இழுப்பை ஆவணப்படமாக்க: திருகோணமலைக் கரையில் கமராவும் மைக்கும்

நிலாவெளிப் பக்கம் கரைவலை இழுப்பதைப் படமாக்கப் போகிறவர் கதைக்காக அலையத் தேவையில்லை. தோணி வலையை வளைத்துப் போடும், இரண்டு பக்கமும் ஆட்கள் கயிறு பிடித்து இழுப்பார்கள், வலையின் நடுவில் மீன் சேரும் பையான மடி கரையேறும். அதற்குள் என்ன கிடக்கிறது என்று அதுவரை எவருக்கும் தெரியாது. பார்ப்பவரை இருத்தி வைக்க அந்த ஒரு கேள்வி போதும். ஆகவே குவிந்த மீனை முதற்காட்சியில் காட்டிவிடாதீர்கள். ட்ரோனை நம்பியும் திட்டம் போட வேண்டாம். கடற்படைத் தளம் உள்ள ஊர் இது. அனுமதி கையில் இல்லாவிட்டால் அது பெட்டிக்குள்ளேயே இருக்கட்டும்.

சித்திரை முதல் புரட்டாதி வரை கடல் படப்பிடிப்புக்கு இடம் கொடுக்கும். முதல் இரண்டு நாளும் கமராவைத் தொடாமல் வாடியில், அதாவது மீனவர் தங்கும் கரையோரக் கொட்டிலில், இருந்து பாருங்கள். யார் கயிற்றின் தலைப்பில் நிற்கிறார், வலை இழுக்கும்போது பாடும் அம்பா பாடலை யார் எடுத்துக் கொடுக்கிறார், யாருடைய முகம் மடியைப் பார்த்ததும் மாறுகிறது? அந்த ஒருவரைப் பிடித்துக்கொள்ளுங்கள். பத்துப் பேரையும் காட்டப் போனால் படத்தில் ஒருவரும் மிஞ்சமாட்டார்.

இங்கே சூரியன் கடலுக்குள் இருந்து எழும்புவதால் கரையில் நின்று கடலைப் பார்த்து எடுத்தால் முகமெல்லாம் கறுத்துப் போகும். அலை விளிம்புக்குப் போய்க் கரையைப் பார்த்து எடுங்கள். ஈர மணலில் ட்ரைபொட் கால் புதையும். ஒவ்வொரு காலுக்கும் அடியில் ஒரு பிளாஸ்டிக் மூடி வையுங்கள். செக்கனுக்கு 25 பிரேமில் எடுத்தால் ஷட்டர் 1/50 செக்கன். வெயில் ஏறிய மணலில் ஐஎஸ்ஓ 100, துவாரம் எஃப் 5.6 என்றால் லென்ஸுக்குள் போகும் ஒளியைக் குறைக்கும் என்டி 32 வடிகட்டி வேண்டும். அது இல்லையென்று ஷட்டரைக் கூட்டினால் கயிறும் கையும் வெட்டி வெட்டி அசையும். குளிரூட்டிய அறையிலிருந்து நேரே வந்தால் லென்ஸில் ஈரம் படியும். பையைத் திறக்காமல் அரை மணித்தியாலம் வெளியே வையுங்கள்.

ஒவ்வொரு காட்சியையும் குறைந்தது 10 செக்கன் அசையாமல் பிடியுங்கள்: அகலமாக ஒன்று, கை, முகம், அந்தக் கண் பார்க்கும் பொருள். கடல் எப்போதும் திரையின் ஒரே பக்கத்தில் இருக்கட்டும். பக்கம் மாறினால் இரண்டு கயிற்றுக்காரரும் எதிரெதிராக இழுப்பதுபோல் தெரியும்.

படம் கெடுவது பெரும்பாலும் ஒலியில்தான். கமராவின் மைக்கில் காற்று மட்டுமே விழும். சிறிய மைக்கை உரோம உறையுடன் நீங்கள் தெரிந்தெடுத்தவரின் சட்டைக்குள் ஒட்டி, உச்ச ஒலி மைனஸ் 12 டெசிபலைத் தாண்டாமல் வையுங்கள். அம்பா பாடலை இடையில் நிறுத்தாமல் முழுதாகப் பதியுங்கள். எடிட்டிங்கில் துண்டுக் காட்சிகளை ஒட்டுவது அந்த ஒலிதான்.

நேர்காணலை வேலை முடிந்து, தேநீர் குடித்த பிறகு வையுங்கள். “ஐயா, இண்டைக்கு மடி வரேக்க என்ன நினைச்சியள்?” என்று கேட்டுவிட்டு, பதில் முடிந்த பின்னும் நாலு செக்கன் வாயைத் திறக்காதீர்கள். நல்ல வசனம் பெரும்பாலும் அந்த இடைவெளியில்தான் வரும். கடன், பிடிபட்ட மீனில் கிடைக்கும் பங்கு பற்றி ஒருவர் மனம்விட்டுக் கதைத்திருந்தால், வெளியிட முன்னர் அந்தப் பகுதியை அவருக்குப் போட்டுக் காட்டுங்கள்; வலைச் சொந்தக்காரர் பார்த்தால் அடுத்த நாள் வேலை போகலாம்.

பின்னணிக் குரலை எடிட்டிங் முடிந்த பிறகே எழுதுங்கள். படம் காட்டுவதைத் திரும்பச் சொல்லும் வரிகளை வெட்டிவிட்டால் அரைப் பக்கம்கூட மிஞ்சாது.