இரண்டு கிளை, இரண்டு இன்டர்நெட் லைன்: ரவுட்டிங் டேபிளை எப்படிக் கையாளுவது

மட்டக்களப்பு நகரில், புளியந்தீவில் அலுவலகம். வாவிக்கு அக்கரையில், கல்லடியில் ஸ்டோர். நடுவில் வயர்லெஸ் பிரிட்ஜ் என்று வைத்துக்கொள்வோம். அலுவலகம் 192.168.10.0/24, ஸ்டோர் 192.168.20.0/24. இரண்டு பக்கமும் லினக்ஸ் ரவுட்டர். பிரிட்ஜ் பக்கம் அலுவலகத்துக்கு 10.0.0.1, ஸ்டோருக்கு 10.0.0.2.

எதையும் மாற்றுமுன் ‘ஐபி ரூட் ஷோ’ அடித்து, வரும் ரவுட்டிங் டேபிளை (எந்த முகவரிக்கு எந்த வழி என்ற பட்டியலை) ஒரு கோப்பில் சேமித்து வையுங்கள். பிறகு அலுவலக ரவுட்டரில்: ஐபி ரூட் ஆட் 192.168.20.0/24 வியா 10.0.0.2.

பலர் இத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். அப்போது ரவுட்டரிலிருந்து பிங் அடித்தால் பதில் வரும், மேசைக் கணினியிலிருந்து அடித்தால் வராது. ரவுட்டரின் பிங் 10.0.0.1 என்ற முகவரியோடு போகிறது, அது ஸ்டோர் ரவுட்டருக்கு நேரடியாகத் தெரிந்த முகவரி. மேசைக் கணினியின் 192.168.10.x எங்கே இருக்கிறது என்று அதற்குத் தெரியாது; பதிலைத் தன் டிபோல்ட் ரூட் (வேறு எந்த ரூட்டும் பொருந்தாதபோது போகும் வழி) வழியே இன்டர்நெட் பக்கம் தள்ளிவிடும். ஸ்டோர் ரவுட்டரிலும் 192.168.10.0/24 வியா 10.0.0.1 என்று சேருங்கள். ஒரு பக்கம் வருவதை மறுபக்கம் அனுப்பும் ஐபி ஃபோர்வர்டிங் இரண்டு ரவுட்டரிலும் 1 ஆக இருக்க வேண்டும்.

ஒரு முகவரிக்குப் பல ரூட் பொருந்தினால் நீளமான பிரிஃபிக்ஸ் (சாய்கோட்டுக்குப் பின் வரும் எண் பெரியது) வெல்லும்: /16ஐ விட /24. மெட்ரிக் (முன்னுரிமை எண், சிறியது வெல்லும்) பார்க்கப்படுவது பிரிஃபிக்ஸ் சமமாக இருக்கும்போது மட்டுமே. சந்தேகம் வந்தால் ஊகிக்க வேண்டாம். ‘ஐபி ரூட் கெட் 192.168.20.15’ எந்த வழி என்று சொல்லிவிடும்.

இனி இரண்டு இன்டர்நெட் லைன்: பைபர், அது போனால் 4ஜி. பைபரின் டிபோல்ட் ரூட்டுக்கு மெட்ரிக் 100, 4ஜியினதுக்கு 600 கொடுத்துவிட்டு, பைபர் போனால் தானாக மாறிவிடும் என்று நம்பாதீர்கள். மாரி மழையில் தெருவில் கேபிள் அறுந்தாலும் பைபர் பெட்டிக்குக் கரண்ட் இருக்கும், போர்ட் எரியும், ரூட் அப்படியே நிற்கும். இன்டர்நெட் மட்டும் இருக்காது. வெளியே எப்போதும் பதில் தரும் ஒரு முகவரிக்கு, உதாரணமாக 9.9.9.9/32க்கு, பைபர் கேட்வே வழியே தனி ரூட் போடுங்கள். 10 செக்கனுக்கு ஒருமுறை அதைப் பிங் செய்யும் ஸ்கிரிப்ட், தொடர்ந்து மூன்று முறை பதில் இல்லையென்றால் பைபரின் டிபோல்ட் ரூட்டை நீக்க வேண்டும்; பதில் திரும்பியதும் மறுபடி சேர்க்க வேண்டும். அந்த முகவரியை யாருக்கும் டிஎன்எஸ் (தளப் பெயருக்கு முகவரி சொல்லும் சேவை) ஆகக் கொடுக்காதீர்கள். பைபர் போனால் 4ஜி இருந்தும் அது கிடைக்காது.

கையால் சேர்த்த ரூட் எல்லாம் கரண்ட் போய் வந்தால் அழிந்துவிடும். சோதித்து முடிந்ததும் உபுண்டுவில் நெட்பிளான் கோப்பில் (நெட்வேர்க் அமைப்பை நிரந்தரமாக வைக்கும் கோப்பு) எழுதுங்கள். அக்கரை ரவுட்டரை இங்கிருந்தே மாற்றும்போது ‘நெட்பிளான் அப்ளை’ வேண்டாம், ‘நெட்பிளான் ட்ரை’ கொடுங்கள்: தொடர்பு அறுந்து நீங்கள் உறுதிசெய்ய முடியாமல் போனால், 120 செக்கனில் பழைய அமைப்புக்கே திரும்பிவிடும்.