எண்ணெய் வைக்காமல் கூட்டிப் போங்கள்

கவனம் நிற்காத என் மகனை நியூரோஃபீட்பேக்குக்கு, அதாவது மூளை அலையைத் திரையில் காட்டிக் கவனத்தைப் பழக்கும் பயிற்சிக்கு, சேர்த்தேன். முதல் நாள் அவனுக்கு வழக்கம்போல் தேங்காய் எண்ணெய் தடவி, படிய வாரி, சுங்கை சிப்புட்டிலிருந்து ஈப்போவுக்குக் கூட்டிப் போனேன். பயிற்சி மையத்துப் பெண்ணுக்கு அவன் தலையைத் தொட்டுப் பார்த்ததுமே முகம் சுருங்கிவிட்டது. தலையில் ஒட்டும் சென்சார் நிற்கவில்லை. பாதி நேரம் துடைப்பதிலேயே போனது. அதனால் நியூரோஃபீட்பேக் போகிறவர்கள் முந்தின இரவே ஷாம்பு போட்டுக் குளிப்பாட்டிவிடுங்கள். பிள்ளை நன்றாகத் தூங்கி, பசியாறிவிட்டு வரட்டும்.

அதற்கும் முன்னால் அரசாங்க மருத்துவ நிலையமான கிளினிக் கெசிஹாத்தானுக்குப் போங்கள். ஒரு வெள்ளிதான். கண், காது, தூக்கம் எல்லாம் பார்த்து, தேவைப்பட்டால் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கடிதம் கொடுப்பார்கள். ஏடிஎச்டி எனும் கவனக்குறைவு, துறுதுறுப்புக் கோளாறா இல்லையா என்று டாக்டர் சொல்ல வேண்டும், பயிற்சி விற்கிறவர் அல்ல. மருந்து சாப்பிடும் பிள்ளை என்றால், மையத்தில் யார் சொன்னாலும் நீங்களாக நிறுத்தாதீர்கள்.

"கரண்டு வைப்பாங்களா?" என்று என் மாமியார் பயந்தார். இல்லை, சென்சார் மூளை அலைகளைக் கேட்க மட்டும் செய்கிறது. மகனுக்குத் திரையில் ஒரு கார். நொடிக்கு 4 முதல் 8 முறை அசையும் தீட்டா அலை குறைந்து, 13-க்கு மேல் அசையும் பீட்டா கூடினால் கார் ஓடும். கவனம் சிதறினால் நின்றுவிடும்.

பணத்தை முழுதாகக் கணக்குப் போடுங்கள். வழக்கமாக 30, 40 அமர்வுகள், வாரம் இரண்டு மூன்று முறை. பஸ் காசு, நாம் இழக்கும் அரைநாள் சம்பளம், அவன் தவறவிடும் டியூஷன், எல்லாம் சேரும். நான் காலண்டர் பின்புறத்தில் பெருக்கிப் பார்த்தபோது தலை சுற்றியது. மொத்தப் பேக்கேஜ் வாங்காமல் பத்துப் பத்தாகக் கட்டினேன்.

பலன் இருக்கிறதா என்று பார்ப்பதுதான் கஷ்டம். காசு கட்டிய தாய்க்குப் பிள்ளை தேறியதாகத்தான் தெரியும். 2021-இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வு ஒன்றில், 7 முதல் 10 வயதுப் பிள்ளைகளில் ஒரு பகுதியினருக்கு நிஜப் பயிற்சி, மற்றவர்களுக்குத் தங்கள் மூளை அலைக்குச் சம்பந்தமில்லாத போலிப் பயிற்சி. யாருக்கு எது என்று பெற்றோருக்குத் தெரியாது. இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவு முன்னேறினார்கள்.

அதைத் தெரிந்துகொண்ட பிறகுதான் எனக்கு யோசனை வந்தது. டீச்சரிடம் பயிற்சியைப் பற்றிச் சொல்லாமல், ஆரம்பிப்பதற்கு இரண்டு வாரம் முன்பிருந்தே வெள்ளிக்கிழமைதோறும் இரண்டே கேள்வி கேட்டேன்: பாட நேரத்தில் எத்தனை முறை எழுந்தான்? கரும்பலகையில் இருந்ததை எழுதி முடித்தானா? பதிலை ஒரு நோட்டிலும், வீட்டில் நான் பார்த்ததை வேறு நோட்டிலும் எழுதினேன். இரண்டையும் ஒன்றாகக் கலந்துவிடாதீர்கள்.

என் நோட்டில் பையன் தங்கம். டீச்சர் நோட்டில் அதே பையன் அப்படியே எழுந்து திரிந்தான். இருபதாவது அமர்வோடு நிறுத்திவிட்டு, ஆஸ்பத்திரி டாக்டர் சொன்ன மருந்துக்குச் சம்மதித்தோம். டீச்சரும் அவனை முன்வரிசைக்கு மாற்றினார். அந்தக் கார் போனதில் அவனுக்குத்தான் இன்னும் கோபம்.