கஷ்டமான கண்ணுக்கு லென்ஸ்: ஆளைத் தேடும்போது நாம் விடும் பிழைகள்

வெள்ளவத்தை பஸ் தரிப்பில் நின்றபோது, வருவது 100ஆ 101ஆ என்று தம்பி என்னிடம் கேட்டான். அப்போது அவனுக்கு 19 வயது. கண்ணாடி மாற்றி நாலு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. இலக்கம் தெரிகிறதாம், ஆனால் ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் இன்னொன்று நிழல்போல விழுகிறதாம். கடைசி எண் பூச்சியமா ஒன்றா என்று அவனால் பிரிக்க முடியவில்லை. கெரட்டோகோனஸ் என்ற பெயரை நாங்கள் கேள்விப்பட்டது அதற்கும் ஒரு வருடம் கழித்துத்தான். அந்த வருடம் முழுக்க நாங்கள் கண்ணாடிக்கடைகளில் ஏறி இறங்கினோம். அதுதான் முதல் பிழை.

கெரட்டோகோனஸில் கண்ணின் முன்னால் இருக்கும் தெளிவான கோர்னியா மெலிந்து, கூம்புபோல முன்னுக்குத் தள்ளும். பெரும்பாலும் பதின்ம வயதில் தொடங்கும். மேடுபள்ளமாகிப்போன அந்தப் பரப்பைக் கண்ணாடியால் முழுதாகச் சரிசெய்ய முடியாது. மென்லென்ஸ், அதாவது மென்மையான கொன்டாக்ட் லென்ஸ், அதே மேடுபள்ளத்தின் மேல் படிந்து அதே வடிவத்தை எடுத்துவிடும். அதனால்தான் இந்தக் கண்களுக்குக் ஒட்சிசன் ஊடுருவும் கடினமான ஆர்ஜிபி லென்ஸோ, கோர்னியாவைத் தொடாமல் கண்ணின் வெள்ளைப்பகுதியில் உட்காரும் ஸ்க்லீரல் லென்ஸோ தேவைப்படுகிறது. கோர்னியா மாற்றுச் சத்திரசிகிச்சை செய்தவர்களுக்கும், கண் கடுமையாக வறண்டுபோகிறவர்களுக்கும் ஸ்க்லீரல் லென்ஸ் தேவைப்படலாம்.

கடையில் பார்ப்பது பவரை மட்டும்தான். பவர் அடிக்கடி மாறினால், அதிலும் அஸ்டிக்மட்டிசத்துக்கான (கண்ணின் வளைவு எல்லாத் திசையிலும் ஒன்றாக இல்லாததற்கான) அளவு ஏறிக்கொண்டே போனால், கோர்னியாவின் வரைபடம் எடுக்க வேண்டும். அதற்கு டொபோகிராபி என்று பெயர். கொழும்பில் தேசிய கண் வைத்தியசாலை இருக்கிறது. தனியாரில் போகிறவர்கள் கோர்னியாவைப் பார்க்கும் கண் வைத்திய நிபுணரைச் சேனல் பண்ணலாம். போகும்போது பழைய கண்ணாடிச் சிட்டைகள் எல்லாவற்றையும் கொண்டுபோங்கள். பவர் எப்படி ஏறியது என்பதை அவை சொல்லும்.

வைத்தியரே லென்ஸையும் போட்டுவிடுவார் என்று நினைத்தது எங்களுடைய அடுத்த பிழை. நோயைப் பார்ப்பவரும் லென்ஸைப் பொருத்துபவரும் அநேகமாக வேறுவேறு ஆட்கள். இரண்டு பேரும் வேண்டும், ஒருவருடைய அறிக்கை மற்றவர் கைக்குப் போகவும் வேண்டும். லென்ஸ் போட்டால் பார்வை தெளியும், ஆனால் கோர்னியா மெலிவது நிற்காது. அதை நிறுத்துவதற்கு இருப்பது கிராஸ்லிங்கிங். ரைபோஃபிளேவின் சொட்டு விட்டு, புற ஊதாக் கதிர் காட்டும் சிகிச்சை அது. நோய் இன்னும் முன்னேறுகிறதா என்று கேட்காமல் லென்ஸுக்குக் காசு கட்டாதீர்கள். கண்ணைக் கசக்குகிற பழக்கம் இருந்தால் அதையும் இன்றே விடுங்கள். கசக்கக் கசக்க நோய் கூடும்.

லென்ஸ் பொருத்துபவரைத் தேடி ஃபோன் எடுக்கும்போது நாம் எல்லோரும் முதலில் கேட்பது 'எவ்வளவு?' என்றுதான். விலை முக்கியம்தான். ஆனால் அதற்கு முன் கேட்க வேண்டியவை வேறு. கெரட்டோகோனஸ் கண்களுக்கு நீங்கள் அடிக்கடி பொருத்துகிறீர்களா? போட்டுப் பார்க்கும் ட்ரயல் லென்ஸ்கள் உங்களிடம் இருக்கின்றனவா? முதல் லென்ஸ் சரிவராவிட்டால் மாற்றிச் செய்வதும் இந்த விலைக்குள் அடங்குமா? பிறகு வருகிற பரிசோதனைகளை யார் செய்வார்? இவற்றுக்குத் தயங்காமல் பதில் சொல்கிற இடத்துக்குப் போங்கள். தம்பிக்கு மூன்றாவது லென்ஸ்தான் சரிவந்தது. இரண்டாவதோடு மனம் விட்டிருந்தால் அவன் இன்னும் பஸ் இலக்கத்தை யாரிடமாவது கேட்டுக்கொண்டுதான் இருந்திருப்பான்.

அளவெடுக்கும் நாளுக்கு முன் பழைய லென்ஸைக் கழற்றிவைக்க வேண்டும். அது அழுத்தியே கோர்னியாவின் வடிவம் மாறியிருக்கும். கடின லென்ஸ் என்றால் சில வாரங்கள்கூட விடச் சொல்வார்கள். எத்தனை நாள் என்பதைப் புக் பண்ணும்போதே கேளுங்கள்.

பொருத்திப் பார்க்கிற நாளில் நடப்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஸ்க்லீரல் லென்ஸைச் சின்ன ரப்பர் தாங்கியில் வைத்து, சேலைனால் விளிம்புவரை நிரப்பி, அதில் கொஞ்சம் மஞ்சள் சாயமும் கலப்பார்கள். நீங்கள் முகத்தை நிலத்துக்குச் சமாந்தரமாகக் குனிய வேண்டும். உள்ளே ஒரு குமிழி நின்றுவிட்டாலும் கழற்றி மறுபடி போடுவார்கள். பிறகு நீல வெளிச்சத்தில் பார்ப்பார்கள். அவசரப்படாதீர்கள். போட்ட லென்ஸ் மணித்தியாலக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் கண்ணோடு அமரும். போட்ட பத்தாவது நிமிடத்தில் நன்றாக இருந்தது பின்னேரம் விளிம்பில் அழுத்தலாம். அதனால் போட்டபடியே வெளியே போய், தேத்தண்ணி குடித்து, கோல் ஃபேஸ் காற்றில் கொஞ்சம் நடந்துவிட்டுத் திரும்பிப்போய்க் காட்டுங்கள். அங்கேதான் நம்மவர்கள் விடும் பெரிய பிழை வருகிறது. 'எப்படி இருக்கு?' என்று கேட்டால் மரியாதைக்காக 'பரவாயில்லை' என்போம். உறுத்துகிறதா, மங்குகிறதா, எந்தப் பக்கம், போட்டு எத்தனை மணித்தியாலத்துக்குப் பிறகு என்று அப்படியே சொல்லுங்கள். உங்கள் வாயிலிருந்து வரும் அந்த விவரத்தை வைத்துத்தான் அடுத்த லென்ஸைத் திருத்துகிறார்கள். அம்மா அப்பாவை யாழ்ப்பாணத்திலிருந்தோ மலையகத்திலிருந்தோ கூட்டிவந்தால், சிங்களமோ ஆங்கிலமோ பேசத் தெரிந்த ஒருவரும் உள்ளே போவது நல்லது.

சென்னைக்குப் போய்ச் செய்பவர்களும் இருக்கிறார்கள். செய்யலாம். ஆனால் லென்ஸின் வளைவு, விட்டம், பவர், மூலப்பொருள் எல்லாவற்றையும் எழுதி வாங்கிக்கொண்டு, இங்கே தொடர்ந்து பார்க்க ஒருவரை முதலிலேயே பேசிவைத்துவிட்டுப் போங்கள்.

அப்புறம், தண்ணீர். குழாய்த்தண்ணீரோ கொதித்தாறிய நீரோ லென்ஸில் படக்கூடாது. அகந்தமீபா என்ற நுண்ணுயிர் தண்ணீர் வழியாக வந்து கோர்னியாவைத் தின்னும். கண் சிவந்து நொந்தால், வெளிச்சம் கூசினால், பார்வை திடீரென மங்கினால், உடனே லென்ஸைக் கழற்றி அன்றைக்கே வைத்தியரிடம் காட்டுங்கள். லென்ஸையும் அதன் பெட்டியையும் கழுவாமல் கையோடு கொண்டுபோங்கள். கிருமி எதுவென்று அவற்றிலிருந்தும் பார்ப்பார்கள்.