இரண்டு சிம்முக்கும் ஒரே இலக்கம்

அம்மாவுக்காக ஹட்டன் டவுனில் ஒரு போன் வாங்கினேன். சீல் உடைக்காத பெட்டி, 128 ஜிபி. இரண்டாம் வாரமே, எடுத்த படங்களைத் திறந்தால் பாதிக்குக் கீழே சாம்பல் நிறம்.

இரண்டு தடவை ரீசெட் செய்தேன். மெமரி கார்டை மாற்றினேன். பனியில் ஈரம் இறங்கியிருக்கும் என்று அரிசிக்குள் புதைத்து வைத்ததும் நான்தான். நான்கு நாள் வீண்.

அப்புறம் 20 ஜிபி வீடியோக்களை ஏற்றிப் பார்த்தேன். எல்லாம் ஏறியதாகக் காட்டியது, ஆனால் முதல் சிலதைத் தவிர எதுவும் ஓடவில்லை. சரி, 128 என்பது வெறும் எழுத்து, உள்ளே அவ்வளவு இடமில்லை.

*#06# அடித்தேன். போனின் அடையாள எண்ணான ஐஎம்இஐ திரையில் வரும்; இரண்டு சிம் போனுக்கு இரண்டு வரவேண்டும். இதில் இரண்டு வரியிலும் அதே 15 இலக்கம்! பெட்டியிலும் அதுவே இருந்ததால்தான் கடையில் ஒப்பிட்டபோது ஏமாந்தேன். முதல் 8 இலக்கம் மாடலைச் சொல்லும். தேடினால் அது ஏதோ பட்டன் போனுடையது.

ஐஎம்இஐ என்று ஆங்கிலத்தில் அடித்து, இடைவெளி விட்டு, அந்த இலக்கத்தை தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் 1909க்கு எஸ்எம்எஸ் அனுப்பினேன். பதிவில் இல்லை என்று பதில். அந்தப் பதிலையும் பில்லையும் நீட்டியதும் கடைக்காரர் பேச்சில்லாமல் காசைத் திருப்பித் தந்தார். அடுத்த போனுக்குக் காசு கொடுக்கும் முன்பே 1909க்கு அனுப்பிப் பார்த்தேன்.