சத்துக்கணக்கு போடும் ரெசிபி ஆப்: வாங்கும் முன் எதைப் பார்க்க வேண்டும்

ரெசிபி ஆப் தேடுகிறவர்கள் பெரும்பாலும் முதலில் பார்ப்பது திரை அழகாக இருக்கிறதா, படம் ஏற்ற முடிகிறதா, ஒரு சமையல் பக்கத்தின் இணைப்பைக் கொடுத்தால் பொருள்களைத் தானே பிரித்து எழுதிக்கொள்கிறதா என்பதைத்தான். இருந்தால் நல்லதுதான். ஆனால் வீட்டில் யாருக்காவது சர்க்கரையோ சிறுநீரகக் கோளாறோ இருந்து, ஒரு தட்டில் எவ்வளவு மாவுச்சத்து (கார்போஹைட்ரேட், சுருக்கமாக கார்போ) போகிறது, எவ்வளவு உப்பு போகிறது என்று தெரிந்துகொள்ளத்தான் ஆப் தேடுகிறீர்கள் என்றால் முதலில் கேட்க வேண்டியது இரண்டே கேள்விகள். எண்களை அது எந்த அட்டவணையிலிருந்து எடுக்கிறது? சமைத்த பிறகு நிற்கும் எடையைப் போட அதில் இடம் இருக்கிறதா? இந்த இரண்டிலும் தேறாத ஆப்பை, எத்தனை பேர் அதற்கு ஐந்து நட்சத்திரம் கொடுத்திருந்தாலும், நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

முதல் கேள்வி: எண் எங்கிருந்து வருகிறது

எந்த ஆப்பும் உங்கள் சாம்பாரை அளந்து பார்ப்பதில்லை. "துவரம்பருப்பு 100 கிராம்" என்று நீங்கள் போட்டதும், ஏதோ ஓர் ஆய்வகத்தில் முன்பே அளந்து எழுதிவைத்த எண்ணை எடுத்துப் பெருக்கிக் கூட்டிக் காட்டுகிறது, அவ்வளவுதான். உலக அளவில் அதிகம் பயன்படுவது அமெரிக்க வேளாண் துறை நடத்தும் ஃபுட்டேட்டா சென்ட்ரல். யார் வேண்டுமானாலும் காசில்லாமல் எடுத்துக்கொள்ளலாம் என்பதால் பல ஆப்கள் அதன் மேல்தான் நிற்கின்றன. நம் ஊர்ப் பொருள்களுக்கு இருப்பது ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-ல் வெளியிட்ட இந்திய உணவுச் சத்து அட்டவணை, சுருக்கமாக ஐஎஃப்சிடி. நாட்டை ஆறு பகுதிகளாகப் பிரித்து மாதிரி எடுத்து, 528 உணவுப்பொருள்களை அளந்து போட்டிருக்கிறார்கள். (இந்த நிறுவனம் 1918-ல் குன்னூரில் பெரிபெரி நோயை ஆராய ஆரம்பித்த ஒரு சின்னப் பிரிவிலிருந்து வளர்ந்தது. ஹைதராபாத்துக்குப் போனது 1958-ல்தான். நம் மலையில் பிறந்த வேலை என்பதில் எனக்குத் தனிச் சந்தோஷம் உண்டு.)

அட்டவணை மாறினால் என்ன ஆகும் என்பதைத் துவரையிலேயே பார்க்கலாம். அமெரிக்க அட்டவணையில் துவரை என்று தேடினால் கிடைப்பது தோலோடு உள்ள முழுத் துவரை: 100 கிராமில் கார்போ சுமார் 63 கிராம், அதற்குள்ளேயே நார்ச்சத்து 15 கிராம் அடக்கம். நாம் சாம்பாருக்குப் போடுவதோ தோல் நீக்கி உடைத்த பருப்பு. ஐஎஃப்சிடியில் அதற்கு கார்போ சுமார் 55 கிராம், நார்ச்சத்து 9 கிராம், அந்த 9 இந்த 55-ல் சேராது, தனி. ஆக இரண்டு வித்தியாசங்கள் ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன. பொருளே வேறு, கார்போவை எழுதும் முறையும் வேறு. நார்ச்சத்தைக் கார்போவுக்குள் சேர்ப்பது அமெரிக்க வழக்கம், சேர்க்காமல் தனியாக எழுதுவது ஐஎஃப்சிடி வழக்கம். ஒரே ரெசிபியில் பாதிப் பொருளை அங்கிருந்தும் பாதியை இங்கிருந்தும் எடுத்துக் கூட்டுகிற ஆப் என்றால், வருகிற கார்போ எண்ணை வைத்துச் சர்க்கரை நோயாளி ஒருவர் முடிவெடுக்க முடியாது.

அதனால், ஒவ்வொரு பொருளுக்குப் பக்கத்திலும் அது எந்த அட்டவணையிலிருந்து வந்தது என்று காட்டுகிற ஆப்தான் வேண்டும். க்ரோனோமீட்டர் இதைக் காட்டுகிறது, அந்த ஒரு காரணத்துக்காகவே நான் அதை முதலில் சொல்வேன். மைஃபிட்னஸ்பாலில் பொருள் பட்டியல் மிகப் பெரியது, ஆனால் அதில் நிறைய, பயன்படுத்துகிறவர்களே எழுதிச் சேர்த்தவை. "இட்லி" என்று தேடினால் வரிசையாக வரும், ஒவ்வொன்றிலும் ஒரு கலோரி. எடை குறைக்க ஒரு தோராயம் போதும் என்பவர்களுக்கு அது ஓடும். ஹெல்திஃபைமியில் நம் பலகாரங்கள் கிண்ணக் கணக்கில் தயாராக இருக்கின்றன, தினசரி சாப்பாட்டைக் குறித்துவைக்க வசதி, ஆனால் உங்கள் வீட்டுக் குழம்பில் எவ்வளவு எண்ணெய் என்பது அந்தத் தயார் எண்ணுக்குத் தெரியாது. பாப்ரிகா ரெசிபிகளைச் சேர்த்து வைக்கவும் நாலு பேருக்கான அளவைப் பத்துப் பேருக்கு மாற்றவும் அருமையான ஆப். சத்து விவரத்துக்கு அதில் ஓர் இடம் இருக்கிறது, ஆனால் அது நாமே எழுதி நிரப்பும் இடம், அது கணக்குப் போடாது. விளம்பரத்தில் "சத்து விவரத்தோடு" என்று பார்த்தால் இந்த வித்தியாசத்தைக் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள்.

இன்னொரு ஆபத்து, கண்ணுக்குத் தெரியாதது: விவரம் இல்லாத இடத்தைப் பூஜ்யமாக எடுத்துக்கொள்வது. பாக்கெட் பொருள்களின் விவரம் லேபிளைப் பார்த்து ஏற்றப்பட்டது, நம் ஊர் லேபிளில் பொட்டாசியம் பெரும்பாலும் இருக்காது. அந்தப் பாக்கெட் மசாலாவையும் பாக்கெட் தேங்காய்ப்பாலையும் சேர்த்து நீங்கள் குழம்பு வைத்தால், மொத்தப் பொட்டாசியம் குறைவாகத்தான் காட்டும். குறைவாக இருப்பதால் இல்லை, யாரும் அளக்காததால். நல்ல ஆப் அந்த இடத்தில் கோடு போட்டோ, "விவரம் முழுமையில்லை" என்றோ காட்டும். பொட்டாசியத்தைக் கட்டுப்படுத்த வேண்டிய சிறுநீரக நோயாளிக்காகச் சமைக்கிறவர்கள் இதை முதல் நாளே சோதித்துப் பாருங்கள்: ஒரு பாக்கெட் பொருளை மட்டும் போட்டு ரெசிபி உருவாக்கி, பொட்டாசியத்துக்கு நேரே 0 என்று வருகிறதா, காலியாக விடுகிறதா என்று பாருங்கள்.

இரண்டாவது கேள்வி: வெந்த பிறகு எவ்வளவு

இங்கேதான் பெரும்பாலான கணக்குகள் கவிழ்கின்றன. வெண்பொங்கலை எடுத்துக்கொள்வோம். பச்சரிசி 200 கிராம், பாசிப்பருப்பு 100, நெய் 40, முந்திரி 20, உப்பு 8. அரிசியில் சுமார் 710 கலோரி, பருப்பில் 325, நெய்யில் 355, முந்திரியில் 115, மொத்தம் 1500-ஐ ஒட்டி வரும். கார்போ 214 கிராம் சுமார். உப்பில் ஏறக்குறைய ஐந்தில் இரண்டு பங்கு சோடியம் என்பதால் 8 கிராம் உப்புக்குச் சோடியம் 3150 மில்லிகிராம் வரை. இதுவரை எல்லா ஆப்பும் சரியாகப் போட்டுவிடும்.

இப்போது 100 கிராம் பொங்கலில் எவ்வளவு? தண்ணீரைப் பொருளாகவே எழுதாமல் விட்டு, மற்றவற்றின் எடையைக் கூட்டி 368 கிராம் என்று வைத்துக்கொள்கிற ஆப், 100 கிராமுக்கு 400 கலோரிக்கு மேல் காட்டும். ஊற்றிய 1200 மில்லி தண்ணீரையும் சேர்த்து, கொஞ்சம்கூட ஆவியாகவில்லை என்று நினைக்கிற ஆப் 96 என்று காட்டும். குக்கரைத் திறந்து, பொங்கலை எடை போட்டுப் பார்த்து 1250 கிராம் நின்றால், உண்மையான எண் 120. அந்த 1250-ஐ எழுத ஓர் இடம் ஆப்பில் இருக்க வேண்டும், சமைத்த மொத்த எடை என்றோ வேறு பெயரிலோ. இருந்தால், 250 கிராம் தட்டில் வைத்தால் 300 கலோரி, கார்போ 43 கிராம், சோடியம் 630 மில்லிகிராம் என்று தானே சொல்லும். "எத்தனை பேருக்கு" என்ற கட்டம் மட்டும் இருந்தால் போதாது, ஏனென்றால் நம் வீட்டில் யாரும் பொங்கலைச் சமமாக ஐந்தாகப் பிரித்து வைப்பதில்லை.

வெறும் பாத்திரத்தின் எடையை ஒருமுறை போட்டு, ஒரு தாளில் எழுதி அடுப்படியில் ஒட்டிவையுங்கள், குக்கர், கடாய், சாம்பார் பாத்திரம் என்று தனித்தனியாக. அப்புறம் சமையல் முடிந்ததும் பாத்திரத்தோடு தராசில் வைத்துக் கழித்தால் போதும். ஐந்து கிலோ வரை காட்டுகிற டிஜிட்டல் தராசு வாங்குங்கள், இரண்டு கிலோ தராசு குக்கரைத் தாங்காது.

கீழே கொட்டுவதை ஆப் அறியாது

நம் சமையலில் சேர்த்துவிட்டு வெளியே எடுப்பது நிறைய உண்டு. சோறு வடித்தால் கஞ்சியோடு கொஞ்சம் மாவும் பி வைட்டமின்களும் போகின்றன. பச்சை அரிசி எடையைப் போட்டால் ஆப் அத்தனையையும் தட்டில் வைத்துவிடும். வடிக்கிற வீடாக இருந்தால் வெந்த சோற்றை எடை போட்டு, "வெந்த சாதம்" என்ற பொருளைத் தேர்ந்தெடுப்பது நல்லது, 100 கிராமுக்கு கார்போ 28 கிராம் அளவில் இருக்கும். கார்போ எண்ணி இன்சுலின் அளவு வைத்துக்கொள்கிறவர்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை, கூடுதலாக எண்ணிக் கூடுதலாகப் போட்டுக்கொண்டால் சர்க்கரை இறங்கிவிடும். எந்த எண்ணைப் பயன்படுத்துவது என்பதை உங்கள் மருத்துவரிடமோ டயட்டீஷியனிடமோ காட்டி முடிவு செய்யுங்கள்.

தேங்காய்ப்பால் எடுத்துச் சக்கையைப் போடுகிறோம், ஆகவே தேங்காய் என்று எழுதாமல் தேங்காய்ப்பால் என்று எழுதுங்கள். புளியில் சக்கை போகும், ஆனால் கரைக்கிற அளவு சிறியது, அதற்கு மெனக்கெட வேண்டாம். பொரிப்பதற்கு ஊற்றிய எண்ணெய் முழுவதையும் ரெசிபியில் எழுதாதீர்கள், கடாயோடு எண்ணெயைப் பொரிக்கும் முன்பும் பின்பும் எடை போட்டு, குறைந்த அளவை மட்டும் எழுதுங்கள். ஒரு மேசைக்கரண்டி நல்லெண்ணெயே 120 கலோரி என்பதால் இந்த ஒரு பழக்கம் மற்ற எல்லாத் திருத்தத்தையும்விடப் பெரிய வித்தியாசம் காட்டும். தட்டைப் படம் பிடித்தால் கலோரி சொல்லும் புதிய ஆப்களை நான் நம்பாததற்கும் இதுதான் காரணம், உள்ளே இழுத்த எண்ணெய் படத்தில் தெரியாது.

பொட்டாசியத்தைக் குறைக்கக் காய்களை வேகவைத்துத் தண்ணீரை வடிக்கச் சொல்லியிருந்தால், பச்சைக் காயைத் தேர்ந்தெடுக்காமல் "வேகவைத்து வடித்தது" என்று இருக்கிற பொருளைத் தேர்ந்தெடுங்கள், அமெரிக்க அட்டவணையில் பல காய்களுக்கு அப்படித் தனியாகவே இருக்கிறது. வைட்டமின் சி போன்றவை சூட்டில் எவ்வளவு மிஞ்சும் என்பதற்கும் அமெரிக்க வேளாண் துறை ஓர் அட்டவணை வைத்திருக்கிறது. டயட்டீஷியன்கள் பயன்படுத்தும் விலை அதிகமான மென்பொருளில் அதையெல்லாம் எதிர்பார்க்கலாம், வீட்டுக்குத் தேவையில்லை.

அளவுகளில் ஒரே எச்சரிக்கை. "கப்" என்பது ஆப்புக்கு 240 மில்லி, சிலவற்றில் 250, ஆஸ்திரேலிய மேசைக்கரண்டி 20 மில்லி, மற்ற இடங்களில் 15. உங்கள் வீட்டு டம்ளரும் ஆழாக்கும் இதில் எதுவுமில்லை. கிராமில் எழுத விடாத ஆப்பை வாங்க வேண்டாம்.

உங்கள் ஊர்ப் பொருளைச் சேர்க்க முடிகிறதா

இட்லி அரிசி, வரகு, முருங்கைக்கீரை, கருப்பட்டி என்று தேடிப் பாருங்கள். எல்லாம் இருக்காது, அது பரவாயில்லை, ஆனால் நாமே ஒரு பொருளை உருவாக்கி எண்களை எழுத வழி இருக்க வேண்டும். ஐஎஃப்சிடியைப் பார்த்து எழுதும்போது இரண்டைக் கவனியுங்கள். அதில் ஆற்றல் கிலோஜூலில் இருக்கிறது, கலோரிக்கு 4.184-ஆல் வகுக்க வேண்டும் (பச்சரிசி 1491 கிலோஜூல், அதாவது 356 கலோரி). மொத்தக் கார்போவிலிருந்து நார்ச்சத்தைக் கழித்து நிகர கார்போ காட்டுகிற ஆப் என்றால், ஐஎஃப்சிடி கார்போவோடு நார்ச்சத்தைக் கூட்டி எழுதுங்கள், இல்லாவிட்டால் ஒரே நார்ச்சத்து இரண்டு முறை கழிந்துவிடும். வீட்டில் திரும்பத் திரும்பப் புழங்கும் பொருள்கள் எண்ணி முப்பது, நாற்பதுதான் இருக்கும், ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தால் முடிந்துவிடும். அதற்கே பொறுமை உள்ளவர்களுக்கு எக்செல் தாள்கூடப் போதும், ஆப்பே வேண்டாம்.

பொடி, தொக்கு, முறுக்கு செய்து விற்கிறவர்களுக்குத் தேவை வேறு. இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ-யின் 2020-ஆம் ஆண்டு லேபிள் விதிகளின்படி ஆற்றல், புரதம், கார்போ, மொத்தச் சர்க்கரை, சேர்த்த சர்க்கரை, மொத்தக் கொழுப்பு, நிறைவுற்ற கொழுப்பு, டிரான்ஸ் கொழுப்பு, கொலஸ்ட்ரால், சோடியம் எல்லாம் வர வேண்டும், ஒரு பரிமாறலில் தினத் தேவையில் எத்தனை சதவீதம் என்பதும் வர வேண்டும். அந்தத் தினத் தேவை 2000 கலோரி, கொழுப்பு 67 கிராம், நிறைவுற்றது 22, சேர்த்த சர்க்கரை 50, சோடியம் 2000 மில்லிகிராம் என்ற கணக்கு. அமெரிக்க லேபிள் அச்சடிக்கும் மென்பொருளின் சதவீதங்கள் வேறு கணக்கில் இருக்கும், அப்படியே ஒட்டக் கூடாது. வெல்லத்தையும் தேனையும் சேர்த்த சர்க்கரையில் காட்டுகிறதா என்று பாருங்கள். பொரித்த பண்டத்துக்கு எண்ணெய் இழுப்பு தடவைக்குத் தடவை மாறும், அதற்கு மென்பொருளை மட்டும் நம்பாமல் அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் ஒருமுறை கொடுத்துப் பாருங்கள்.

காசு கட்டும் முன் மேலே சொன்ன பொங்கலை இலவசக் காலத்திலேயே ஏற்றிப் பாருங்கள். 100 கிராமுக்கு 120-ஐ ஒட்டி வர வேண்டும். ரொம்ப விலகினால் எந்தப் பொருளில் விலகுகிறது என்று ஒவ்வொன்றாகத் திறந்து பாருங்கள், பெரும்பாலும் "அரிசி" என்ற பெயரில் வெந்த சாதத்தையோ, பருப்பின் பெயரில் வெந்த பருப்பையோ எடுத்திருக்கும். அது சரியானால் ஒரு குழம்பு, ஒரு பொரியல், ஒரு பொரித்த அயிட்டம் போட்டுப் பாருங்கள். முதலில் மாதச் சந்தா, வருடச் சந்தா அப்புறம். ரெசிபிகளையும் நீங்கள் கையால் எழுதிய பொருள்களையும் கோப்பாக வெளியே இறக்க முடிகிறதா என்பதையும் அன்றைக்கே சோதியுங்கள், இறக்கிய கோப்பைத் திறந்து தமிழ்ப் பெயர்கள் கட்டம் கட்டமாக உடையாமல் வருகின்றனவா என்றும் பாருங்கள்.