ஊதிச் செய்த கண்ணாடிப் பொருள்கள்: வாங்கும்போதும் வைத்திருக்கும்போதும் நாம் செய்யும் தவறுகள்

நவராத்திரி நெருங்கினால், டெல்லித் தமிழர் வீடுகளில் கொலுப்படிக்கும் வெற்றிலை பாக்குடன் வைத்துக் கொடுப்பதற்கும் ஏற்ற சிறு பொருள்களைத் தேடத் தொடங்கிவிடுவோம். ஐ.என்.ஏ. டில்லி ஹாட்டின் கடைகளிலிருந்தும், ஆக்ராவிலிருந்து ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவிலுள்ள பிரோசாபாத்தின் குடும்பப் பட்டறைகளிலிருந்தும் பூச்சாடிகளும் விளக்குக் கூடுகளும் பறவை பொம்மைகளும் அப்படித்தான் எங்கள் வீட்டுக்கு வந்தன. அவற்றில் உடைந்துபோனவற்றை எண்ணிப் பார்த்தால், கை தவறி விழுந்தவை குறைவு. கண்ணாடியின் இயல்பை அறியாமல் நாங்களே உடைத்தவைதான் அதிகம்.

முதல் தவறு, கண்ணாடியும் சூடும் எப்படிப் பழகும் என்பதை மறந்துவிடுவது. உலையிலிருந்து எடுத்து ஊதிய பொருளின் வெளிப்புறம் முதலில் ஆறி இறுகிவிடும். உள்ளே சூடு தங்கியிருப்பதால், இரண்டும் ஒன்றையொன்று இழுக்கும் இறுக்கம் உள்ளேயே நின்றுவிடும். அதனால்தான் செய்து முடித்த பொருளை மீண்டும் ஏறத்தாழ 500 டிகிரி செல்சியஸ் சூட்டில் வைத்து, பல மணி நேரம் மெல்ல மெல்ல ஆறவிடுகிறார்கள். இதில் அவசரப்பட்டால், கடையில் குறையில்லாமல் நின்ற சாடி, வீட்டில் யாரும் தொடாமலே ஒரு நாள் விரிசல் விடும். ஆகவே விலையைக் கேட்பதற்கு முன், எவ்வளவு நேரம் ஆறவைத்தீர்கள் என்று பட்டறைக்காரரைக் கேளுங்கள். தொழில் தெரிந்தவர் அந்தக் கேள்வியை மகிழ்ச்சியோடு ஏற்பார். வீட்டிலும் ஒரு சோதனை செய்யலாம். மடிக்கணினித் திரையை வெறும் வெள்ளையாக வைத்து, போலராய்டு குளிர்கண்ணாடி ஒன்றைக் கண்ணெதிரே பிடித்து, திரை இருண்டு தெரியும்வரை அதைச் சுழற்றி, இரண்டுக்கும் நடுவே சாடியைக் காட்டினால், இறுக்கம் மிகுந்த இடங்கள் வெளிச்சமாகவோ வண்ணப் பட்டைகளாகவோ தெரியும்.

நன்றாக ஆறவைத்த பொருளும் திடீர்ச் சூட்டைத் தாங்காது. ஆய்வகங்களில் பயன்படும் போரோசிலிகேட் கண்ணாடியைவிடச் சாதாரணச் சோடா சுண்ணாம்புக் கண்ணாடி சூட்டில் ஏறத்தாழ மூன்று மடங்கு விரியும். ஒரு ஜனவரி மாதக் காலையில், இரவெல்லாம் பால்கனியில் குளிர்ந்து கிடந்த நீலச் சாடியின் கறையைப் போக்குவதற்காக அதில் கொதிநீரை ஊற்றினேன். டிக் என்று ஒரு சிறு ஓசை கேட்டது, தூக்கியபோது தடித்த அடிப்பாகம் வட்டத் தட்டாகக் கழன்று தொட்டியிலேயே நின்றுவிட்டது. சுவர் மெல்லியதாகவும் அடி தடித்ததாகவும் இருக்கும் கைவேலைப் பொருளில் இந்த ஆபத்து மிக அதிகம். விளக்குக் கூட்டில் சுடர் சுவரைத் தொடும்படி அகலை வைப்பதும், சூடு ஆறாத கூட்டை ஈரத்துணியால் துடைப்பதும் இதே தவற்றின் வேறு வடிவங்கள்தாம்.

கைவேலையின் அடையாளத்தைக் குறையென்று தள்ளுவதும், உண்மையான குறையைக் கைவேலை என்று ஏற்பதும் அடுத்த தவறு. உள்ளே அடைபட்ட சிறு குமிழி, ஆறு கிண்ணங்களுக்குள் மயிரிழை உயர வேறுபாடு, செய்யும்போது பொருளைத் தாங்கிய இரும்புக் கம்பியிலிருந்து பிரித்த இடத்தில் அடியில் உள்ள தழும்பு ஆகியவை ஊதியவரின் கைச்சுவடுகள். இவற்றைக் காட்டி விலையைக் குறைக்கச் சொல்வது எனக்கு நியாயமாகப் படவில்லை. ஆனால் மேற்பரப்பில் வாய் திறந்திருக்கும் குமிழி, விரலை உறுத்தும் விளிம்பு, கைப்பிடி ஒட்டிய இடத்தில் மெல்லிய கோடு, மேசையில் ஆடும் அடி ஆகியவற்றை எந்த அன்புக்காகவும் ஏற்க வேண்டியதில்லை.

நிறத்தில் ஏமாறுவோரும் உண்டு. கோபால்ட் சேர்த்து உருக்கிய நீலம் கண்ணாடியின் உடலிலேயே இருக்கும். மேலே பூசிய சாயம் நாளடைவில் உரியும். அழகுக்காகச் செய்த பூச்சுக் கிண்ணத்திலும், ஈயம் கலந்த கனத்த கிரிஸ்டல் குடுவையிலும் ஊறுகாயோ எலுமிச்சைச் சாறோ ஊற்றி வைக்கக் கூடாது. புளிப்பு, ஈயத்தைக் கரைத்து இழுக்கும். பொன் விளிம்பு இட்டவற்றை மைக்ரோவேவில் வைக்கவே கூடாது.

பரிசுக்குப் பன்னிரண்டு கிண்ணம் வேண்டுமென்றால், எட்டை இப்போதும் நான்கைப் பிறகும் கேட்காதீர்கள். தாஜ்மகாலைப் புகையிலிருந்து காக்க உச்ச நீதிமன்றம் 1996இல் அளித்த தீர்ப்புக்குப் பின், பிரோசாபாத் உலைகள் நிலக்கரியை விட்டு இயற்கை எரிவாயுவுக்கு மாற நேர்ந்தது. எரிபொருள் செலவை எண்ணி வேலை செய்யும் சிறு பட்டறை, நான்கு கிண்ணத்துக்காக அதே நிறத்தை மறுபடி உருக்காது. உருக்கினாலும் சாயல் சற்று மாறும்.

கழுவும்போது தொட்டியில் ஒரு துண்டை விரித்து, ஒவ்வொன்றாக, வெதுவெதுப்பான நீரில் கழுவுங்கள். ஆழ்துளைக் கிணற்று நீர் விடும் வெண்படலத்தைப் போக்க, நீரில் கலந்த வினிகர் போதும். கம்பி நாரால் தேய்த்தால் கீறல் விழும். கொலு முடிந்ததும் பொம்மைகளை ஈரத்தோடு செய்தித்தாளில் சுற்றிப் பரணில் ஏற்றிவிடுவது பல வீடுகளின் வழக்கம். அடைபட்ட ஈரம் கண்ணாடியிலுள்ள காரத்தை மெல்ல வெளியே இழுத்து, துடைத்தாலும் போகாத மங்கலை உண்டாக்கும். ஒரு நாள் முழுதும் காயவிட்டு, பழைய பருத்திப் புடவைத் துண்டில் தனித்தனியே சுற்றி, கழுத்தும் இறக்கையும் எதன்மேலும் அழுந்தாதபடி பெட்டியில் வையுங்கள்.