பத்து வருடம் கழித்தும் திறக்கிற கோப்பு

கேரளத்தில், பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஒரு அலுவலகத்தில் கிளார்க்காக இருக்கிறேன். கோப்புகள் மலையாளத்தில் ஓடும். மனு கொடுக்க வருகிறவர்கள் பலர் தமிழில் எழுதிக் கொண்டு வருவார்கள். சில வருடங்களுக்கு முன் ஒரு பெரியவர் வந்து, 2007இல் வாய்க்கால் விஷயமாக எங்கள் அலுவலகம் அவருக்குத் தமிழில் அனுப்பிய கடிதத்தின் நகல் கேட்டார். கம்ப்யூட்டரில் கோப்பு இருந்தது. திறந்தால் ஆங்கில எழுத்தும் குறிகளுமாக ஒரே குப்பை. "நீங்க கொடுத்த கடுதாசிதானே அம்மிணி?" என்றார். வெறுங்கையோடு அனுப்பினேன். அன்றைக்குத்தான், கோப்புகளைப் பல வருடம் கழித்தும் திறக்கும்படி வைக்கிற இந்த வேலையைக் கற்றுக்கொள்ள உட்கார்ந்தேன்.

பழைய கோப்பைத் திறந்ததும் எழுத்துருவைச் சோதியுங்கள். ஒரு வரியைத் தேர்ந்தெடுத்து டைம்ஸ் நியூ ரோமனுக்கு மாற்றுங்கள். தமிழ் தமிழாகவே நின்றால் அது யூனிகோட், அதாவது எல்லா மொழிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடு. ஆங்கில எழுத்தாகிவிட்டால், பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்தது; உள்ளே இருப்பது ஆங்கிலக் குறியீடு, மேலே தமிழ் உருவம் மட்டும். இதை எந்த வடிவத்தில் சேமித்தாலும் குப்பைதான். முதலில் என்எச்எம் கன்வெர்ட்டர் மாதிரியான கருவியில் யூனிகோடாக்க வேண்டும். மலையாளத்துக்கு, சுதந்திர மலையாளம் கம்ப்யூட்டிங் குழுவின் பய்யன்ஸ் என்ற கருவி இருக்கிறது. மாற்றிய பிறகு பெயர்களையும் எண்களையும் ஒருவர் வாசிக்க, இன்னொருவர் சரிபாருங்கள். இங்கே அவசரப்பட வேண்டாம்.

அப்புறம் கோப்பு வடிவம். ஓடிஎஃப் என்பது 2006இல் ஐஎஸ்ஓ தரமான திறந்த வடிவம். அதன் விதிகள் எல்லோருக்கும் வெளிப்படை, எந்த நிறுவனமும் அதற்கான மென்பொருளை எழுதலாம். ஓடிஎஃப்பில் கடிதம் மாதிரியான எழுத்துக் கோப்புக்கு ஓடிடி என்று பெயர். ஒரு ஓடிடி கோப்பின் நகலை எடுத்து, பெயரின் கடைசியில் ஓடிடிக்குப் பதில் ஜிப் என்று போட்டுத் திறந்து பாருங்கள்: உங்கள் வாசகம் கன்டென்ட் எக்ஸ்எம்எல் என்ற கோப்பில், சாதாரண நோட்பேடிலேயே படிக்கும்படி இருக்கும். நாளைக்கு, இந்தக் கோப்புகளை எழுதும் இலவச மென்பொருளான லிப்ரே ஆபீஸே இல்லாமல் போனாலும் எழுத்து கிடைக்கும். மத்திய அரசு மின் ஆளுமைக்கான திறந்த தரக் கொள்கையை 2010லேயே வெளியிட்டுவிட்டது. கேரளப் பள்ளிகளில் பிள்ளைகள் படிப்பதும் லிப்ரே ஆபீஸில்தான். ஆக, மேலதிகாரியிடம் எடுத்துச் சொல்லத் தயங்காதீர்கள்.

மொத்தமாக மாற்ற, லிப்ரே ஆபீஸில் ஃபைல், விசார்ட்ஸ், டாக்குமென்ட் கன்வெர்ட்டர் என்று போங்கள். ஒரு ஃபோல்டர் முழுவதையும் மாற்றி வேறொரு ஃபோல்டரில் போடும். மூலக் கோப்புகளை அழிக்கவே வேண்டாம். புதிய கோப்புகளுக்கு, டூல்ஸ், ஆப்ஷன்ஸ், லோட் சேவ், ஜெனரல் பக்கத்தில் 'ஆல்வேஸ் சேவ் ஆஸ்' என்பதை ஓடிஎஃப் ஆக்குங்கள். ஒவ்வொரு மேசையிலும் ஒருமுறை செய்தால் போதும்.

வெளியே அனுப்பும்போது, எதிரில் இருப்பவர் திருத்த வேண்டிய படிவம் என்றால் ஓடிடி. 2009க்குப் பிறகான மைக்ரோசாஃப்ட் வேர்டும் அதைத் திறக்கும். கையெழுத்தான உத்தரவுக்குப் பிடிஎஃப் ஏ, நீண்ட காலப் பாதுகாப்புக்கென்றே வந்த வடிவம் அது. வரிகளை ஸ்பேஸ் தட்டி நேராக்காதீர்கள், இன்னொரு கம்ப்யூட்டரில் கலைந்துவிடும், டேபிள் போடுங்கள். ஃபைல், ப்ராப்பர்ட்டீஸ், ஃபான்ட் பக்கத்தில் எழுத்துருவைக் கோப்போடு இணைத்துவிட்டால், அந்தத் தமிழ் எழுத்துரு இல்லாத இடத்திலும் லிப்ரே ஆபீஸில் திறந்தால் பக்கம் மாறாது.

பட்டியலில்தான் பெரிய ஆபத்து. சர்வே எண் 12/3 என்று வந்தால், எக்செல் அதைத் தேதியாக்கிவிடும். ஒருவருடைய நிலமே மாறிப்போகும். எண்களை அடிக்கும் முன்பே அந்த நெடுவரிசையை டெக்ஸ்ட் என்று வையுங்கள். காற்புள்ளியால் பிரித்த பட்டியலான சிஎஸ்வி கோப்பை லிப்ரே ஆபீஸில் திறக்கும்போது வரும் பெட்டியிலும் யூனிகோடைச் சேமிக்கும் முறையான யூடிஎஃப் 8 என்று தேர்ந்தெடுத்து, அந்த நெடுவரிசையின் மேல் சொடுக்கி டெக்ஸ்ட் ஆக்குங்கள்.

அனுப்புவதற்கு முன் ஒருமுறை, வேறு மென்பொருள் இருக்கிற கம்ப்யூட்டரில் திறந்து பாருங்கள். நான் அரசு சேவைகளுக்கான பக்கத்து அக்ஷயா சென்டருக்குப் போய்ப் பார்ப்பேன். மலையாளமும் தமிழும் ஒரே பக்கத்தில் சரியாக நின்றால்தான் அனுப்புவேன்.